கருட சேவையில் ஒரு ஷாட்

மகள் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அப்பா, உங்க ஊர் கருட சேவை." முதலில் காதில் விழுந்தது நாதஸ்வரம். பின்னாலேயே, போனில் வர வழியே இல்லாத கற்பூர வாசனையும் வந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் ஒருமுறை நான் அடித்த கூத்தை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனா?

எங்களுடையது காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பம். தறியில் உட்கார மாட்டேன் என்று அப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டு கோடம்பாக்கம் போய், ஏழு வருஷம் கிளாப் அடித்து, ஒருவழியாக ஒரு படம் டைரக்ட் செய்ய வாய்ப்பு வாங்கினேன். படத்துக்குப் பணம் போட்ட முதலாளி வாலாஜாபாத் ரைஸ்மில்காரர். கடைசிக் காட்சி இதுதான்: தெருவில் கருட வாகனம் வருகிறது, ஊரே சாமியைப் பார்க்கிறது, கதாநாயகி மட்டும் தொலைந்த தம்பியைத் தேடுகிறாள். கேமராமேன் மாடியில். பிலிம் ஒரே ரோல். கீழே நான் சிவப்புத் துண்டை ஆட்டினால் அவர் கேமராவை ஓட்ட வேண்டும்.

கடவுள் இல்லை என்று டீக்கடை டீக்கடையாகப் பேசியவன் நான். குடை தெரிந்தது, கருடன் வந்தது, துண்டு தோளில் கிடக்க என் இரண்டு கையும் தலைக்கு மேலே. அந்தப் பெண் மட்டும் சொன்னபடி கும்பிடாமல் தேடிக்கொண்டிருந்தாள். என்ன அருமையான நடிப்பு! கேமரா ஓடவே இல்லை.

"இன்னாபா, கும்புட்டுக்கினு நிக்கிற?" என்றார் கேமராமேன், மாடியிலிருந்து எட்டிப் பார்த்து.

"வேற கோயில் தேர எடுத்து முடிச்சிடுபா. இல்லாங்காட்டி வேற டைரக்டர வெச்சிக்கிறேன். அடுத்த வருசம் வரிக்கும் எவன் காத்துக்கினு இருப்பான்?" என்றார் முதலாளி.

"நான் இருக்கேன்" என்றேன். படம் என்னுடையது, அந்த ஷாட் இல்லாமல் அது படமே இல்லை. ஞாயிறுதோறும் மில்லுக்குப் போய்த் தவிட்டு வாசனையில் உட்கார்ந்தேன். நாலாவது மாசம் அவருக்கே அலுத்துப்போய், "சரி, எடுத்துத் தொலை" என்றார்.

மறுவருஷம் துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன். என் கையை நம்பி ஒருமுறை பட்டது போதும். "நான் கும்புட்டா கேமராவ ஓட்டுங்க" என்று கேமராமேனிடம் சொன்னேன். சிரித்தார். கருடன் வந்தது. கைகள் தாமாக மேலே போயின. கேமரா ஓடியது.

படம் மூன்று வாரம் ஓடியது. பிரிண்ட் இன்று எங்கும் இல்லை, நெகடிவும் கெட்டுப்போய்விட்டதாம். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீடியோவை மறுபடி போடச் சொன்னேன். அதே தெரு, அதே குடை. எல்லாக் கைகளும் தலைக்கு மேலேதான், செல்போனோடு. கும்பிட்ட கை ஒன்றாவது தெரிகிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். இந்தக் கூட்டத்தில் மாடியில் நிற்கிற மனிதர் எந்தக் கையைப் பார்த்துக் கேமராவை ஓட்டுவார்?