காகூ சொன்ன வாசம்

மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மேல்வீட்டுக்காரியைப் பார்த்தாலே எனக்குப் பொறாமையாக இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் மராட்டிக்காரர்கள் நடுவே, போபோடியில் ஒரு சந்தில் குடியிருந்தோம். நாங்கள் முதல் மாடி, அவள் எங்களுக்கு மேலே. கோயம்புத்தூர்க்காரி, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். குடிவந்த ஆறே மாதத்தில் என் காகூவை வளைத்துப் போட்டுக்கொண்டாள்.

காகூ என்றால் மராட்டியில் சித்தி. எங்கள் எதிர்வீட்டு அம்மாளை அந்தக் கட்டடமே அப்படித்தான் கூப்பிடும். மதுரையிலிருந்து வந்த எனக்கு இந்தி அரைகுறை, மராட்டி பத்து வார்த்தை. கணவர் கட்கியில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுவார், மகள் பள்ளிக்கு. பேச்சுத்துணை என்று எனக்கு இருந்தது காகூ ஒருவர்தான். நாலு மணிக்கு வெந்தயக்கீரைக் கட்டோடு வந்து என் அடுப்படி வாசலில் உட்கார்ந்து ஆய்வார். அவர் மராட்டியில் பேசுவார், நான் தமிழில் பேசுவேன். இருவருக்கும் புரிகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் நான் கருவாடு வறுத்து இறக்குகிற நேரம் பார்த்து வந்த காகூ, முந்தானையை மூக்கருகே வைத்துக்கொண்டு சிரித்தபடி சொன்னார்.

"துஜ்யா கராதூன் நேஹமீ வாஸ் யேதோ க."

'கர்' வீடு, 'நேஹமீ' எப்போதும். 'வாஸ்' தெரியாதா என்ன, நம் வாசம்தானே! உன் வீட்டிலிருந்து எப்போதும் வாசம் வருகிறது என்கிறார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "தன்யவாத், காகூ" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நன்றி சொன்னதில் கூச்சப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து வாசத்தைக் கூட்டினேன். குழம்பில் பெருங்காயம் இரட்டிப்பாயிற்று. சாயங்காலமானால் வீடு முழுக்கச் சாம்பிராணி.

அடுத்த வருடம் மழை பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் கூடத்தில் கயிறு கட்டித் துணி உலர்த்தினேன். அந்த மழையோடு காகூவின் வரத்தும் நின்றது. நாலு மணிக்கு அவருடைய செருப்புச் சத்தம் என் வாசலைத் தாண்டி மாடிப்படி ஏறும். கொஞ்ச நேரத்தில் மேலே சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைப்பேன்.

சல்லடை கேட்கிற சாக்கில் ஒரு நாள் மேலே போனேன். காகூ அங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த வீட்டைச் சுற்றிக் கையைக் காட்டி, "ஹிச்யா கராத் அஜிபாத் வாஸ் நாஹீ" என்றார். இவள் வீட்டில் துளிகூட வாசம் இல்லை! எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. படிவரை வந்த மேல்வீட்டுக்காரியிடம் கேட்டே விட்டேன்.

"என் வீட்ல எப்பவும் வாசம் வருதுன்னு காகூ சொன்னாங்க. உன்கிட்ட அப்படிச் சொன்னதே இல்லையாக்கும்?"

அவள் முகம் என்னவோ போல் ஆயிற்று. "இல்லீங்க்கா. நீங்க கொடுத்து வச்சவங்க" என்றாள்.

அதையும் நம்பினேன். சாயங்காலம் மகளிடம் பெருமை அடித்தேன். மூன்றாம் வகுப்புப் படித்தாள். தமிழ் திக்கும், மராட்டி தண்ணீர் பட்ட பாடு. எழுதிக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அம்மா, வாஸ்னா... நாத்தம். நல்லதுன்னா சுவாஸ் சொல்லுவாங்க."

அப்படி ஒரு மூக்கறுப்பு எனக்கு அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. நாறுகிறது என்று சொன்னவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். போதாததற்கு மேல்வீட்டுக்காரியிடம் போய்ப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

உன் வீடு மட்டும் எப்படி நாறாமல் இருக்கிறது என்று அவளைக் கேட்டிருக்கலாம். செத்தாலும் கேட்க மாட்டேன். வேவு பார்த்தேன். அவளும் ஞாயிறு தவறாமல் மீன் வாங்குகிறவள்தான். பொரிக்கும்போது, மழையானாலும், எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டையும் திறந்து வைப்பாள். நான் அடைத்துக்கொண்டு வறுத்ததில் எண்ணெய்ப் புகை போக வழியில்லாமல் திரைச்சீலையிலும் மெத்தையிலும் படிந்துவிட்டது. அதன் மேல் சாம்பிராணி போட்டால் நாற்றம் எங்கே போகும்? இரண்டும் கூட்டுக்குடித்தனம் நடத்தின. அவள் பிழிந்த எலுமிச்சைத் தோலை எறிய மாட்டாள். மீன் பொரித்த பிறகு அடுப்பில் தண்ணீரோடு கொதிக்க விடுவாள். அவளுடைய செருப்பு அலமாரியில் ஒரு கிண்ணம் நிறையக் கரி இருந்தது.

திரைகளைக் கழற்றித் துவைத்தேன். தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கரித்துண்டு வாங்கிப் பீரோவுக்குள் வைத்தேன். ஈரத்தையும் வாடையையும் அது இழுத்துக்கொண்டது. ஃபிரிட்ஜில் ஒரு கிண்ணம் ஆப்ப சோடா. வடித்த கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அழுகியதுதான் பாத்திரம் தேய்க்கும் தொட்டிக் குழாயின் நாற்றம் என்று புரிந்ததும், தினமும் அதில் வெந்நீர் ஊற்றினேன். மீன் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்தேன். கைப்பிடித் துணியைக் கொதிக்க வைத்து, வெயில் தலைகாட்டிய நேரமெல்லாம் காயப்போட்டேன்.

என் வீட்டு வாடை என் மூக்குக்குப் பழகிப்போயிருந்தது. வெளியே போய்விட்டு வந்து கதவைத் திறக்கும் முதல் மூச்சில் மட்டும் தெரியும். அதற்காகவே தினம் நாலு தடவை ரயில் கேட் வரை நடந்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் ஆயிற்று.

ஒரு நாள் நாலு மணிக்குச் செருப்புச் சத்தம் என் வாசலில் நின்றது. காகூ கீரைக் கட்டோடு உள்ளே வந்தார், மூச்சை இழுத்தார். "ஆதா வாஸ் நாஹீ க" என்று சொல்லி உட்கார்ந்தார். இப்போது வாடை இல்லையாம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேல்வீட்டுக்காரிக்கு இன்று பேச்சுத்துணைக்கு ஆளில்லை, நன்றாக வேண்டும் என்றும் நினைத்தேன்.

இன்றைக்கு எப்படி இந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் நிறையச் சொன்னார். இந்தத் தடவை நான் ஏமாறத் தயாராக இல்லை. பள்ளியிலிருந்து வந்திருந்த மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"மேல ஆன்ட்டிதான் அனுப்பினாங்களாம். படியில இப்ப வாடையே இல்ல, போய்ப் பாருங்கன்னு. அக்கா அகேலி... தனியா இருக்காங்கன்னு." கொஞ்சம் யோசித்து மீதியையும் சொன்னாள். "வாஸ்னா நாத்தம்னு காகூ அப்பவே உன்கிட்ட நேரா சொல்றேன்னு சொன்னாங்களாம். ஆன்ட்டி, வேணாம், பாவம், அக்கா குஷியா இருக்காங்கன்னு கையப் பிடிச்சிட்டாங்களாம்."

நான் ஒரு பிடி கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன். அவள் பறித்துக்கொண்டாள் என்று நான் கரித்துக்கொட்டினேனே, அந்தக் காகூவை அவளே கொண்டுவந்து விட்டிருக்கிறாள். நல்லவளாக இருப்பதிலுமா எனக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்?

அவளையும் கூப்பிடட்டுமா என்று காகூ கேட்டார்.

கூப்பிடுங்கள் என்றேன். வயிறு எரிய எரியத்தான் சொன்னேன்.