நோரீன் நிறுத்திய குதிரை

நோரீன் டக்வெல்லுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் பாதி ஆயுளைச் சமைத்தே கழித்தவள். எவனாவது இறைச்சி வேகவில்லை என்று முனகினால் கரண்டியை அவன் கையிலேயே கொடுத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஐம்பது வயதுக்கு மேல் எண்பது கிலோமீட்டர் நெடுந்தூரக் குதிரைச் சவாரிக்குப் பேர் கொடுத்தாள். அதுவும் வண்டிப் பந்தயக்காரர்கள் வேண்டாம் என்று தள்ளிய ஒரு குதிரையில். அதற்குக் கிரேவி என்று பேர் வேறு. கொட்டகையே சிரித்தது.

"முழுத் தூரத்தையும் ஓட்டி முடிச்சவங்களுக்குக் குடுக்கிற ரிப்பனோட வரேன். அப்புறம் சிரிங்கடா!" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

சவாரிக்கு முந்தின மாலை முகாமில் புதியவர்களுக்கான கூட்டம் நடந்தது. நடத்தியவர் சவாரிச் சங்கத் தலைவர் மெர்வ் ஹாலோரன். நல்ல மனுஷர்தான், ஆனால் பேச்சைச் சுருட்டிவிட்டுப் பார்பிக்யூ பக்கம் ஓடத் துடிப்பவர். நோரீன் விடவில்லை. நாடியை எங்கே தொட்டுப் பார்ப்பது, குதிரை தண்ணீரைத் தொடாவிட்டால் என்ன செய்வது, வயிற்றில் எப்படிச் சத்தம் கேட்க வேண்டும் என்று குடைந்துகொண்டே இருந்தாள்.

"உனக்கெதுக்கு இந்தத் தலைவலி? பழைய ஆள் ஒருத்தர் பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போ. மிச்சத்தைக் குதிரை டாக்டர் பாத்துக்குவாங்க."

"முதுகுல உக்காந்திருக்கப் போறது டாக்டரா மெர்வ்? நான்தானே!"

மறுநாள் இருட்டு பிரியும் முன்னே குதிரைகள் கூட்டமாகப் பாய்ந்தன. புதியவர்கள் எல்லாரும் அனுபவசாலிகளின் வாலைப் பிடித்துக்கொண்டு பறந்தார்கள். கிரேவியும் துள்ளியது. நோரீன் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்து, எல்லாரும் போகட்டும் என்று நடந்தாள். யாரோ கேலியாக விசில் அடித்தார்கள். அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூன்று சுற்றில் இரண்டாவது முடிந்து பரிசோதனைக்கு வந்தபோது கிரேவியின் நாடி சீக்கிரமே இறங்கியது, ஓட்டிக் காட்டியதிலும் நொண்டவில்லை. குதிரை டாக்டர் இங்க்ரிட் தேறியதாகச் சொல்லிவிட்டார். ஆனால் கட்டாய ஓய்வில் கிரேவி வைக்கோலை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. நோரீன் அதன் விலாவில் காதை வைத்தாள். காலையில் கேட்ட குடல் இரைச்சல் இல்லை; குடல் ஓய்ந்தால் குதிரையின் உயிருக்கே ஆபத்து. திரும்ப டாக்டரிடமே இழுத்துப் போனாள்.

"சத்தம் கொஞ்சம் கம்மிதான். ஆனா நான் தள்ளுற அளவுக்கு இல்ல. நீங்க போகலாம், முடிவு உங்களோடது" என்றார் இங்க்ரிட்.

மெர்வ் பக்கத்தில் வந்து நின்றார். "கடைசிச் சுத்து சின்னது நோரீன். நடத்தியே கூட்டிட்டுப் போனாக்கூட நேரம் இருக்கு. இவ்வளவு தூரம் வந்துட்டு விடுவாங்களா?"

அந்த ரிப்பன் அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. கொட்டகையில் இளிக்கப்போகும் ஒவ்வொரு முகமும் கண்ணுக்குள் வந்து போனது. சேணத்தின் வாரை அவிழ்க்கும்போது அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

"என் பேரை அடிச்சிரு மெர்வ்."

"டாக்டரே போகலாம்னு சொல்லிட்டாங்களே!"

"அவங்க சொல்லிட்டாங்க. நான் சொல்லலையே."

மத்தியானம் முழுக்கக் கிரேவியை நிழலில் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டி, பச்சைப் புல்லாகப் பிடுங்கி வந்து வாயருகே நீட்டிக்கொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்ததும் கிரேவி ஒரு வாய் கடித்தது. பிறகு நிறுத்தவே இல்லை. அதற்குள் மற்றவர்கள் முடித்து, ரிப்பன் வாங்கி, கைதட்டலும் ஓய்ந்திருந்தது. மெர்வ் கையில் ரொட்டியும் சாசேஜுமாக வந்து எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானே திங்குது! அநியாயமா ரிப்பனை விட்டுட்டியே. இதுக்கு ஒண்ணுமே ஆகலையே நோரீன்!"

"ஆகக் கூடாதுன்னுதான்யா நிறுத்தினேன்" என்றாள் அவள்.