ஹாஜா சாரின் மொட்டைமாடி ரயில்

போன் வந்தபோது சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு மின் பேனலுக்கு ஹை வோல்டேஜ் டெஸ்ட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எடுக்க முடியாது. எடுக்கவில்லை. டெஸ்ட் முடிந்து பார்த்தால் கம்பெனி வாட்ஸாப் குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்திருந்தன. மேலே தள்ளிக்கொண்டே போய்த்தான் செய்தியைப் படித்தேன். எங்கள் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஹாஜா மைதீன் சார் அன்று காலை இறந்துவிட்டார். கணையத்தில் புற்றுநோய். எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்திருந்ததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கம்பெனியில் அவரைப் பார்த்தவர்களுக்கு அவர் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கறார் மனிதர். எரிந்துபோன ரிலேயைக் கொண்டுவந்து காட்டாமல் புது ரிலே தரமாட்டார். "பழசு எங்க?" என்பதுதான் காலையில் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை. எனக்கும் அவருக்கும் ஆரம்பத்தில் ஆகவே ஆகாது. நான் அவசரக்காரன். அவருக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் தானாக என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, எஞ்சினுக்குக் கண்ணு ஒரே பக்கமா நின்னுபோச்சு. ஏதாவது ஸ்பிரே இருந்தா சொல்லு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, முல்லா வீதிப் பக்கம் இருந்த அவர் வீட்டுக்குப் போனபிறகுதான் விளங்கியது. மொட்டைமாடி முழுக்கப் பித்தளைத் தண்டவாளம். அதன்மேல் பொம்மை ரயில்கள். கடையில் தொங்கும் சின்னப் பொம்மைகள் அல்ல. ஒவ்வொரு எஞ்சினும் முழங்கை நீளம், தூக்கினால் கைக்குழந்தை கனம். குழந்தைகளுக்கான ஒரு கதையில் வரும் ரயில்களாம். எல்லா எஞ்சினுக்கும் முன்னால் மனித முகம் இருந்தது. சக்கரம் சுற்றும்போது கண்கள் இடமும் வலமுமாக உருளும்படி உள்ளே ஒரு சின்னக் கம்பி இணைப்பு. கடல் உப்பு அதில் ஏறி இறுகிவிட்டிருந்தது. நீல எஞ்சின் யாரையோ சந்தேகப்படுவதுபோல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

இவையெல்லாம் பாரீஸிலிருந்து வந்தவை. அவருடைய அக்கா கல்யாணமாகி அங்கே போனவர். ஊருக்கு வரும்போதெல்லாம் புடவைகளுக்கு நடுவே ஒரு எஞ்சினைச் சுற்றிக் கொண்டுவருவார். அப்பாவின் அக்காவை அவர்கள் வீட்டில் மாமி என்பார்கள். அதனால் அந்த நீல எஞ்சினுக்குப் பெயர் மாமி. பச்சை எஞ்சின் சின்ன மாமி. முகம் சிடுசிடுவென்று இருந்த சிவப்பு எஞ்சின் டாக்டர். பெயர் வைத்தது இர்ஃபான்.

இர்ஃபான் அவருடைய ஒரே மகன். வயது இருபத்தைந்தை நெருங்குகிறது. ஆட்டிசம். பேச்சு குறைவு. யார் முகத்தையும் பார்க்கமாட்டான், அம்மா முகத்தைக்கூட. ஆனால் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, வருகிற எஞ்சினின் முகத்தை மட்டும் கண்ணோடு கண் பார்ப்பான்.

மாலை அஸர் தொழுகை முடித்து ஹாஜா சார் மாடிக்கு வந்ததும் ரயில் கிளம்பும். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, படிக்கட்டு என்று மூன்று நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் இர்ஃபான் துணிக்கவ்விகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்குவான். அவன் அடுக்கி முடிக்கும்வரை வண்டி நிற்கும். பிறகு அவர் கேட்பார்:

"ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு."

"போலாமா?"

"போலாம்."

அவன் 'போலாம்' என்று சொன்ன பிறகுதான் அவர் கண்ட்ரோலரைத் திருப்புவார். ஒரு நாளில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளும் மொத்தப் பேச்சே அவ்வளவுதான், நிறுத்தத்துக்கு ஒரு தடவை. எப்போதாவது அவன் ஒரு கவ்வியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு "போவாது" என்பான். அவர் பதறுவதுபோல் நடிக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவை அது. நான் பார்த்தவரை நல்ல நகைச்சுவைதான்.

அக்கம்பக்கத்தில் சிலர் கேலி செய்தார்கள். இந்த வயசுப் பையனுக்குப் பொம்மை ரயிலா என்று ஒருவர் என் முன்னாலேயே கேட்டார். "உங்க புள்ள நாளெல்லாம் போனைப் பாக்குது, எம்புள்ள ரயிலைப் பாக்குது. எது தேவலன்னு நீங்களே சொல்லுங்க" என்றார் சார். கேட்டவர் போன பிறகு என்னிடம் குரலைத் தணித்துக்கொண்டார். "அவனுக்குன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சேன் தம்பி. இப்ப அவன் வேணாம்னாலும் நான் உடமாட்டேன்." இதையும் எழுதியாக வேண்டும். அவரைத் தியாகி ஆக்கினால் அவருக்கே பிடிக்காது. புது எஞ்சினின் பெட்டியைப் பிரிக்கும்போது அவர் மகனைக்கூட முதலில் தொடவிடமாட்டார்.

மின்சாரம் அவருக்குச் சுத்தமாக வராது. இவ்வளவு காலம் ரிலேயும் ஃபியூஸும் எடுத்துக் கொடுத்தவர், தண்டவாளத்தை ஒரு கோடியில் வளைத்துக் கொண்டுவந்து அதே பாதையில் சேர்த்துவிட்டார். போன வண்டி தானாகத் திரும்பி வரட்டும் என்று. அடாப்டர் எரிந்தது. அக்காவிடம் சொல்லி இன்னொன்று வரவழைத்தார். அதுவும் எரிந்தது. அடாப்டர் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இடதுபக்கத் தண்டவாளம் சுத்தி வந்து வலதுபக்கத்துல முட்டுது. ரெண்டுலயும் கரண்டு, ஷார்ட் ஆயிடுது. அடாப்டர் என்ன பண்ணும், பாவம்?"

"தண்டவாளம்னா சேராம வேற என்னத்துக்கு இருக்கு?" என்றார். விளக்கினேன். தலையாட்டினார், ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் தண்டவாளத்தில் மின்சாரமே வேண்டாம் என்று முதல் பெட்டியில் பேட்டரி வைத்து ஓட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவது வழக்கமாகிவிட்டது. மும்தாஜ் அக்கா, அவர் மனைவி, டீயைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு மாடிக்கு வரப் பிடிக்காது. இருக்கிற இடமெல்லாம் தண்டவாளம், துணி காயப்போட இடமில்லை என்று சண்டை.

போன வருடம் அவருக்கு மஞ்சள்காமாலை மாதிரி வந்தது. அது காமாலை இல்லை என்று தெரிந்ததும் ஸ்டோர்ஸுக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வியாதியைப் பற்றி ஒரு வரியில் முடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நான் இல்லாம வண்டி ஓடணும். முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லு."

முடியும் என்றேன். வேறு என்ன சொல்வது? ஆறுதல் சொல்ல எனக்கு வராது. இது செய்யக்கூடிய வேலை.

நிறுத்தங்களில் தண்டவாளத்துக்கு நடுவே காந்தம் பதித்தேன். அதன்மேல் வந்ததும் எஞ்சின் நிற்கும், சற்று நேரம் கழித்துத் தானாகக் கிளம்பும். முதல் நாளே கெட்டது. இர்ஃபான் கவ்விகளை அடுக்கி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவன் கவ்விக் கூடையைத் தூக்கி எறிந்தான், மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான், ரத்தம் வந்தது. ஹாஜா சார் அவன் கையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னார்: "டைமுக்கு ஓடறது கவர்மெண்டு ரயிலு தம்பி. இது அவன் சொன்னாத்தான் ஓடணும்."

அப்படியானால் முதல் பெட்டியின் மேல் ஒரு பச்சைப் பட்டன் போதும், அவன் அழுத்தினால் கிளம்பும் என்றேன். ஸ்டோர்ஸில் அந்தப் பட்டன் அட்டைப்பெட்டி நிறைய இருந்தது. ஒன்றைக்கூட எடுக்க விடவில்லை. வெளியே கடையில் வாங்கி வந்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்துபோய்.

பட்டன் மட்டும் போதவில்லை அவருக்கு. "யாராவது கேக்கணும்ல?" என்றார். கேட்காவிட்டால் அவன் பேசமாட்டான், பேசாமலே இருந்தால் உள்ள பேச்சும் போய்விடும் என்பது அவர் பயம். அது நியாயமான பயம். பெட்டிக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்தேன், அவன் கவ்வி அடுக்குவது நின்றதும் பேசும்படி. மாடியிலேயே அவர் குரலைப் பதிவு செய்தோம். பல தடவை இருமலில் கெட்டது. ஒன்று சரியாக வந்தது: ஏத்தியாச்சா, அவன் பதில் சொல்ல ஓர் இடைவெளி, போலாமா. பின்னால் ஒரு காக்கை கத்தியது. இருக்கட்டும், காக்கை தினமும்தான் வருகிறது என்றார்.

சோதித்துப் பார்த்த அன்று அவர் படிக்கட்டில் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டார், மகன் கண்ணில் படாமல். நான் அவர் பக்கத்தில். வண்டி தொட்டியருகே நின்றது. பெட்டி கேட்டது. இர்ஃபான் சாவகாசமாகப் பதில் சொன்னான், பட்டனை அழுத்தினான். அடுத்த நிறுத்தம். அதற்கடுத்தது. ஒரு தடவைகூடப் படிக்கட்டுப் பக்கம் திரும்பவில்லை. எல்லாம் திட்டப்படி நடந்தது. நான் சந்தோஷமாக அவரைப் பார்த்தேன்.

"போதும் தம்பி," என்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சமாச்சும் என்னைத் தேடுவான்னு நெனச்சேன்."

கைகொடுத்து அவரை எழுப்பிவிட்டேன்.

அவர் இறந்த அன்று, பிற்பகலில் ஜனாஸாவை, அவர் உடலை, பள்ளிவாசலுக்கு எடுத்துப் போனார்கள். மும்தாஜ் அக்காவின் தம்பி என்னிடம் இர்ஃபானைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவனைக் கடைசியாக முகம் பார்க்கக் கூட்டிப்போயிருந்தார்கள். அவன் போர்த்தியிருந்த துணியின் ஓரத்தைத்தான் பார்த்தான். அஸர் பாங்கு சொன்னதும் மாடிக்கு ஏறினான். நான் பின்னால் போனேன். அவன் மாமியைத் தண்டவாளத்தில் வைத்தான். தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், ஸ்பீக்கர் ஞாபகமே இல்லை.

தொட்டியருகே வண்டி நின்றது. ஹாஜா சாரின் குரல் மாடியில் கேட்டது. கீழே பெண்களின் அழுகை ஒரு நொடி நின்றுபோனது. பிறகு முன்பைவிடப் பெரிதாக எழுந்தது. கபர்ஸ்தானில் மண் தள்ளிக்கொண்டிருந்திருப்பார்கள். இங்கே அவர் போலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று நிறுத்தம், மறுபடி மூன்று நிறுத்தம்.

மும்தாஜ் அக்கா இத்தாவில் இருக்கிறார்கள். கணவரை இழந்தவர்கள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகாத காலம் அது. அதாவது, தினமும் மாலையில் அந்தக் குரலிலிருந்து தப்பி எங்கும் போக முடியாத காலம். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார்களாம். தலையணையை வைத்து அழுத்திப் பார்த்தார்களாம். சொந்தக்காரர்கள் ஸ்பீக்கரையும் ரயிலையும் சேர்த்தே தூக்கிப் போடச் சொன்னார்கள். அக்கா அதற்குச் சம்மதிக்கவில்லை. தம்பியிடம் சொல்லி என்னை வரவழைத்து, உள்ளறையிலிருந்து கதவோரமாகப் பேசினார்கள்.

"வண்டி ஓடட்டும் தம்பி. அந்தக் கொரல மட்டும் எடுத்துடுங்க. என்னால முடியல."

குரலை எடுத்தால் இர்ஃபான் பேச்சை நிறுத்திவிடுவானோ என்று சார் பயந்ததைச் சொன்னேன். அவர்களுக்கும் அது தெரியும். ஆனாலும், "எடுத்துடுங்க," என்றார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரையும் வெட்டினேன். சாலிடரை எடுத்துக் கழற்றியிருக்கலாம். வெட்டினேன். இர்ஃபான் சுவரோரம் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியை மூடி அவனிடம் கொடுத்தேன்.

வண்டி கிளம்பி, தொட்டியருகே வந்து நின்றது. அவன் கவ்விகளை அடுக்கினான். முடித்தான். சத்தம் இல்லை. பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு அழுத்தாமல் உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டு வாயருகே போனது. எழுந்து போய் நானே கேட்டுவிடலாமா என்று நினைத்தேன்.

அப்போது கேட்டது. அதே குரல், அதே இழுப்பு, அந்த இருமலை அடக்கிக்கொண்ட தொனி.

"ஏத்தியாச்சா?"

இர்ஃபான்தான். பிறகு தன் குரலில், "ஏத்தியாச்சு." ஓர் இடைவெளி விட்டு, மறுபடி அவர் குரலில், "போலாமா?" தன் குரலில், "போலாம்." பட்டனை அழுத்தினான்.

கீழே உள்ளறைக் கதவு திறந்தது. மும்தாஜ் அக்கா படிக்கட்டின் அடியில் வந்து நின்று கேட்டார்கள்.

"இன்னும் எடுக்கலையா தம்பி?"

"எடுத்துட்டேன்க்கா."

அவர்கள் திரும்பிப் போகவில்லை. வண்டி துணிக்கொடியருகே போய் நின்றது. அவன் மறுபடி கேட்டான். அக்கா அங்கேயே, சுவரில் சாய்ந்து, முழுவதும் கேட்டார்கள்.

ஹாஜா சார், நீங்கள் இல்லாமல் வண்டி ஓட வேண்டும் என்று கேட்டீர்கள். முடியும் என்று சொன்னவன் நான். முடியவில்லை சார். நீங்கள் இல்லாமல் அது ஓடவில்லை.

சலாம்.