வெப்சைட்டை எந்த ஊரில் வைப்பது?

கண்ணுக்குத் தெரியாத சாமானை விற்கிறவனை ஊர் நம்பாது; அவனும் தனக்குச் சாமான் தருகிறவனை நம்பமாட்டான். தொண்ணூறுகளின் கடைசியில் கல்முனையில் கொமினிகேஷன், அதாவது டெலிபோன், ஈமெயில் கடை நடத்திக்கொண்டு, வெப்சைட்டும் செய்து தரப்படும் என்று போர்ட் மாட்டியவன் நான். இப்படித் தொழில் பார்த்துப் பேச்சு வாங்கியவர்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள், உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

முதல் கேள்வி

அறுகம்பேக் கடற்கரையில் நாலு கபானா, அதாவது தங்கும் குடில், வைத்திருந்த மஹ்ரூப் காக்காதான் முதல் வாடிக்கையாளர்; அண்ணன் வயதுக்காரரை எங்கள் பக்கம் காக்கா என்போம். பக்கத்துக் கெஸ்ட்ஹவுஸ்காரர் வெப்சைட் போட்டதிலிருந்து, சர்ஃபிங் செய்ய வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அங்கேயே இறங்கினார்கள். இந்த சீசனும் கபானா காலியாகக் கிடந்தால் இடத்தை விற்றுவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போவது என்ற முடிவில் இருந்தார். யுத்த காலம்; கொண்டுவந்த கடற்கரைப் படங்களை மூன்று ஆமி செக்பொயிண்டில் விரித்துக் காட்டி, விளக்கம் சொல்லி, கடுப்போடுதான் வந்து சேர்ந்தார்.

"இது எங்க இருக்கும்?" என்றார். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கொம்பியூட்டரில் இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும், அமெரிக்காவில் ஒன்று பார்த்திருக்கிறேன் என்றேன். என் முகத்தையே பார்த்தார்.

"அங்க இருக்கிறவன் என்ட கபானாவ அவன்ட எண்டு காட்டினா, நான் ஆரிட்டப் போய்க் கேக்கிற?"

மணிக்கூட்டுச் சோதனை

கொழும்புக் கம்பனி ஒன்றும் இடம் தந்தது. மெஷின் கொழும்பிலேயே இருக்கிறது, அதனால்தான் வேகம் என்று அதன் மேனேஜர் போனில் சத்தியம் பண்ணாத குறை. அவ்வளவு இனிப்பாகக் கதைத்ததே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே பக்கத்தை இரண்டு இடத்திலும் ஏற்றினேன். காலையில் கொழும்புப் பக்கத்தை ஒருமுறை திறந்து, படங்கள் சரியா என்றும் பார்த்துக்கொண்டேன்.

பின்னேரம் காக்காவின் முன்னால் சோதனை. என் மணிக்கூட்டை நம்பாமல் தன்னுடையதைக் கழற்றி மேசையில் வைத்தார். அமெரிக்கப் பக்கம் ஒரு தென்னைமரத்தில் பாதியைக் காட்டுவதற்குள் ஆளுக்கொரு பிளேன்டீ குடித்து முடித்தோம். கொழும்புப் பக்கம் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. கொழும்பே என்று முடிவானது.

"அமெரிக்கா தூரம் எண்டு நான் அப்பவே சொன்னன்தானே, தம்பி!"

சேரின் தம்பி

சீசன் தொடங்கியும் ஒரு ஈமெயில்கூட வரவில்லை. காக்கா கிழமைக்கு இரண்டு தரம் வருவார். வருகிற ஈமெயிலை எல்லாம் நான் பக்கத்துக்காரருக்குக் கொடுக்கிறேனோ என்பதுபோல் பார்ப்பார். எனக்கு உண்மையாகவே வேதனையாக இருந்தது. நான் கொழும்பு மேனேஜரைச் சந்தேகப்பட்டேன்.

பாண்டிருப்பு சிவநேசன் சேர் கணக்குப் படிப்பிக்கிறவர். அவுஸ்திரேலியாவில் இருக்கும் தம்பிக்கு ஈமெயில் அனுப்ப என் கடைக்குத்தான் வருவார். அந்தத் தம்பியிடம் எங்கள் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னோம். படம் வரவேயில்லை, காத்திருந்து அலுத்துப் போனேன் என்று பதில் வந்தது. நாட்டைவிட்டு வெளியே போகிற இணைப்பு அப்போது அவ்வளவு ஒடுக்கம். சேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"காக்கா, உங்கட கபானாவில வந்து தங்கப்போறது கல்முனை ஆக்களா?"

கழன்ற வயர்

காக்கா விடவில்லை. தன் கண்ணால் பார்த்த வேகம் பொய்யாகாது, திரும்பவும் திற என்றார். திறந்தேன். நாலு கபானாவும் பளிச்சென்று வந்தன. நானும் நெஞ்சை நிமிர்த்தினேன். அவர் திரையைப் பார்க்காமல் மேசைக்குக் கீழே குனிந்தார். இன்டர்நெட் வருகிற டெலிபோன் வயர் கழன்று கிடந்தது.

முன்பு திறந்த பக்கத்தை என் கொம்பியூட்டர் தனக்குள்ளேயே சேர்த்து வைத்து, அதையே எடுத்துக் காட்டியிருக்கிறது. மணிக்கூடு வைத்துப் பார்த்த அன்றும், காலையில் நான் திறந்து பார்த்ததைத்தான் அது காட்டியிருக்கிறது. வெட்கத்தில் என் காது சுட்டது.

"கொழும்பும் வேணா, அமெரிக்காவும் வேணா, தம்பி. வயர் இல்லாமலே வருதே, இஞ்சயே வெச்சிரு."

வந்த ஈமெயில்

அன்றைக்கே அமெரிக்காவுக்கு மாற்றினேன். சேரின் தம்பிக்குப் படங்கள் உடனே வந்தன. இரண்டாவது கிழமை அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண், நண்பர்களோடு வருகிறோம், நாலு கபானாவும் மூன்று கிழமைக்கு வேண்டும் என்று எழுதியிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். காக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அல்லாஹ்மேல் சத்தியம் பண்ணச் சொன்னார்.

"வல்லாஹி எண்டு சொல்லு, இத நீதானே எழுதின?"

அந்தப் பெண்ணும் கூட்டாளிகளும் சர்ஃபிங் பலகைகளோடு வந்து இறங்கியதை நானே பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன், ஏனென்றால் அதற்குள் எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விட்டிருந்தது.