தங்கச்சியின் வண்டியில் தொண்ணூறு கிலோமீட்டர்

என் தங்கச்சி சிவசக்தியைப் பற்றி எழுதச் சொன்னால் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் பத்துப் பேர் புகழ்ந்து எழுதுவார்கள். நான் வயிற்றெரிச்சலோடுதான் எழுதுவேன். அக்கா என்கிற உரிமையில் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1993இல் ராசனைக் கலியாணம் கட்டவென்று இங்கே வந்தவள். முதியோர் இல்லமொன்றில் பாத்திரம் கழுவினாள். பிறகு மூன்று வருடம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி படித்து அதே இல்லத்தில் பராமரிப்பாளர் ஆனாள். ராசனுக்குக் கண்பார்வை குறைவு, வாகனம் ஓட்ட முடியாது. அதனால் அவளே கார் ஓடப் பழகினாள். இரண்டு தடவை பரீட்சையில் கோட்டைவிட்டு மூன்றாம் தடவை பாஸானாள். நான் 1995இல் முதல் தடவையிலேயே பாஸானவள். இதை நானே எழுதினால்தான் உண்டு, வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

பாஸான அன்று என் கணவர் கேக் வாங்கி வந்தார். "நான் இருக்கேக்க நீ ஏன் கஷ்டப்படுறாய்?" என்றார். எனக்கு அது அன்பாகத்தான் பட்டது. லைசென்ஸ் அலமாரிக்குள் போனது, போனதுதான். தங்கச்சியோ விடிய முன்னம் ராசனை அவர் வேலை செய்கிற பேக்கரியில் இறக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, வேலைக்குப் போகிற வழியில் என்னைக் கண்டால் "ஏறுங்கோ அக்கா" என்பாள். ஏறுவேன். ஏறியிருந்து, கியர் மாற்றுகிற அவளுடைய கையைப் பார்த்துப் புழுங்குவேன்.

2006இல் அவளுக்கு அவுஸ்திரேலியப் பாலைவனப் பைத்தியம் பிடித்தது. பேய்க்கூட்டம் மாதிரி நாங்கள் எல்லாரும் கனடாவுக்கும் லண்டனுக்கும் கலியாணவீடுகளுக்குப் பறந்துகொண்டிருக்க, இவள் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத செம்மண் காட்டுக்கு நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய ஜீப்பில் கூடாரத்தோடு போகப்போகிறாளாம். அதற்கென்று ஷ்வேபிஷ் அல்ப் மலைப்பக்கம் ஒரு பழைய கல்லுடைக்கிற குழியில் அந்த மாதிரி வண்டி ஓடப் பழக்குகிற இரண்டு நாள் வகுப்புக்கும் போய் வந்தாள். பன்னிரண்டு ஜெர்மன்காரர், நடுவில் இவள்.

வாடகை வண்டிக்குப் படிவம் நிரப்பும்போது கேட்டாள். "இன்னொரு ஆளும் ஓடத் தெரிஞ்சிருந்தால் நல்லம். நீங்களும் ஓடுறனீங்கள்தானே, அக்கா?"

"ஓம். இவரின்ர காரை அடிக்கடி ஓடுறனான்."

பொய். பதினொரு வருடமாக நான் ஸ்டியரிங்கைத் தொட்டதேயில்லை. ஆனால் அவளுக்கு முன்னால் இல்லையென்று சொல்ல என் நாக்கு வளையவில்லை. இரண்டாவது ஓட்டுநர் என்ற இடத்தில் ரஞ்சினி என்று என் பெயரை எழுதினாள். என் கணவருக்கு லீவு இல்லை. "நீ போயிட்டு வா" என்றார். ஆகஸ்டில் அவள், ராசன், பிள்ளைகள் இரண்டு பேர், நான் எல்லாரும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் போய் இறங்கினோம்.

முதல் நாலு நாளும் எனக்கு நரகம். இடம் அழகுதான், அதுதான் பிரச்சினை. கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மண், முள்ளுப்புல், அதற்குமேல் வெறும் வானம். அவ்வளவையும் அவள் தன் வீட்டு வளவு மாதிரி ஓடிக்கொண்டு போனாள். மணல் வந்தால் இறங்கி டயர்களில் காற்றைக் குறைப்பாள். மகள் அழுத்தமானியைப் பிடித்து எண்ணை வாசிப்பாள், ராசன் பின்னேரங்களில் புட்டு அவிப்பார். நான் பின்சீட்டில் தூசியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். "பெரியம்மா ஏன் எப்பவும் கோவமா இருக்கிறா?" என்று மகன் ஜெர்மனில் கேட்டதும் என் காதில் விழுந்தது.

ஐந்தாம் நாள் காலை, வற்றிய ஆற்றங்கரையில், தேத்தண்ணிக்கு வைத்த கொதிதண்ணீர் சரிந்து அவளுடைய வலக்கையில் கொட்டியது. மணிக்கட்டு வரை கொப்பளம். குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. கிளினிக் இருக்கிற குடியிருப்பு தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

"அக்கா, நீங்கள் ஓடுங்கோ" என்றாள்.

"என்னால ஏலாது. லைசென்ஸ் எடுத்த பிறகு நான் ஓடவேயில்லை."

"அப்ப ஏன் ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"உனக்குக் கீழ இருக்க விருப்பமில்லை. அதுதான்."

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறம்! அவருக்கோ கண் தெரியாது. உங்களை நம்பித்தானே வந்தனான்!" ராசன் கூடாரத்தைச் சுருட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவள் ஈரத்துணி சுற்றிய கையோடு இடப்பக்கம் ஏறி இருந்தாள். "ஏறுங்கோ. நான் சொல்லுறன், நீங்கள் செய்யுங்கோ."

மூன்று தடவை எஞ்சின் நின்றது. நாலாம் தடவை வண்டி நகர்ந்தது. ஆற்றைக் கடக்கும்போது சக்கரம் மணலில் தாழ, நான் பிரேக்கைத் தேடினேன். "நிப்பாட்டாதேங்கோ, நிப்பாட்டினால் தாழும். விடாமல் மிதியுங்கோ!" மிதித்தேன். வண்டி உறுமிக்கொண்டு அக்கரையில் ஏறியது. பிள்ளைகள் பின்னால் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. தங்கச்சி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறாள், எனக்கோ சந்தோஷம் பொங்குகிறது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் தெரு முடியக்கூடாது என்றுதான் மனம் கேட்டது.

நாலு மணித்தியாலத்தில் கிளினிக் போய்ச் சேர்ந்தோம். தாதி கையைக் கழுவிக் கட்டுப்போட்டாள். இரண்டு நாள் அங்கேயே தங்கினோம். மூன்றாம் நாள் கட்டுப்போட்ட கையோடு தங்கச்சியே ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறினாள். நான் கேட்கவில்லை, அவள் தரவுமில்லை. மீதிப் பயணம் முழுக்க எனக்கு அவள்மேல் பழையபடி எரிச்சல்.

ஸ்டுட்கார்ட் விமான நிலையத்துக்கு என் கணவர் காரோடு வந்திருந்தார். "தனி ஆளா எப்பிடியம்மா அவ்வளவு தூரம் ஓடினனீ?" என்று அவளைக் கேட்டார்.

"அக்காவும் ஓடினவ, அத்தான். மணலுக்குள்ளால, தொண்ணூறு கிலோமீட்டர்."

அவர் சிரித்தார். சின்னப்பிள்ளை கதைவிட்டால் சிரிப்போமே, அப்படி. தங்கச்சி சிரிக்கவில்லை. அவருடைய கையில் இருந்த கார்த் திறப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றாள். நான் குனிந்து என் பெட்டியைத் தூக்கினேன். அவர்கள் ரயிலுக்குப் போய்விட்டார்கள். நான் வழக்கம்போல மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவுட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறும்போது எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. தங்கச்சியை நினைத்து அல்ல. ஒரு காலை முழுக்க அந்தச் செம்மண் தெருவில் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டி ஓடினாளே ரஞ்சினி என்றொருத்தி, அவளை நினைத்து.