பூட்டிய வீட்டில் அடித்த போன்

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் ஒரு கிராமத்தில் நானும் என் கணவரும் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தோம். ஒரு நாள் காலை போனை சார்ஜில் போட்டுவிட்டு பைக்கில் கிளம்பியவரை லாரி அடித்துவிட்டது. காரியம் முடிந்ததும் ஒரே ஒரு பையுடன் வாலாஜாபாத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். கட்டில், பீரோ எல்லாம் அங்கேயே கிடந்தன. அண்ணன் இரண்டு முறை வண்டியோடு போய்ப் பார்த்தார். வீட்டுக்காரம்மா கொடுக்கவில்லை. நான் நேரில் வந்தால்தான் கதவைத் திறப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் போகாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மதியத்தில் தனியாக இருக்கும்போது என் கணவரின் நம்பருக்கு அடிப்பேன். ரிங் போகும். ஒரு வருடத்துக்கு மேலாகியும் போய்க்கொண்டே இருந்தது. யார் சார்ஜ் போடுகிறார்கள், யார் ரீசார்ஜ் செய்கிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை, யோசிக்கப் பிடிக்கவில்லை. ஒரு நாள் அந்தப் பக்கம் போனை எடுத்தார்கள். பேச்சில்லை, மூச்சுச் சத்தம் மட்டும். எனக்கு அழுகைதான் வந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடைசியில் போன மாதம் அண்ணனோடு போனேன். வீட்டுக்காரம்மா இளைத்துப்போயிருந்தார். சாவியை என் கையில் கொடுத்தார். உள்ளே தூசியே இல்லை. என் கணவரின் லுங்கி மடித்த மடிப்போடு கட்டில் மேல் இருந்தது. ஜன்னலோரம் அந்தப் பட்டன் போன் சார்ஜில் இருந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டெய்லி மத்தியானம் அடிக்குதும்மா," என்றார் அவர். "யாரோ அவர தேடிக்கினு கீறாங்க, பாவம். போன் செத்துப்போச்சின்னா அவரு இல்லாதது அவங்களுக்குத் தெரியாம பூடுமேன்னு நான்தான் கடையில குடுத்து ரீசார்ஜ் பண்ணிக்கினு கீறேன்."

"எடுத்து சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"ஒரு தபா எடுத்தேன். அந்தாண்ட ஒரு பொம்பள அழுதுச்சி. அவரு இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அவருக்குப் படிக்கத் தெரியாது. திரையில் வந்த பெயர் என்னுடையது என்று நான் சொல்லவில்லை. அவர் மேல் கோபம்கூட வந்தது. அன்று மூச்சு விட்டது இவர்தான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் சாமான்களை ஏற்றி முடித்தார். போனை அணைத்து என் பையில் போட்டுக்கொண்டேன். இனி யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நான் சொன்னதும் வீட்டுக்காரம்மா தலையாட்டினார். அடுத்து யாருக்காவது வாடகைக்கு விடப்போகிறாரா என்று அண்ணன் கேட்டார். கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டு, காலியான அறையைப் பெருக்க ஆரம்பித்தார்.