வாக்கியத்தின் வால்

“பெரியம்மா, காதை ஒரு டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமா?” என்று கேட்டேன். அவர் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

“எது வேஸ்ட்டு?”

“டெஸ்ட். காது டெஸ்ட்.”

“அதான் நானும் சொல்றேன். அதெல்லாம் வேஸ்ட்டு.”

குழாயை மூடினேன். “நிஜமாவே கேக்கலையா, இல்ல நடிக்கிறீங்களா?”

“எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கள்லாம்தான் வாய்க்குள்ளயே பேசுறீங்க. அதுலயும் நீ, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு பயப்படுற ஆளு.”

சிரித்துவிட்டேன். பேச்சு அதோடு நின்றது. அன்றே கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்க வேண்டும்.

என் அம்மாவின் அக்கா ஒரு சிறிய கிளினிக்கில் முப்பத்தோரு வருடமாக நர்ஸ். டாக்டரிடம் போகுமுன் எல்லோரும் அவருடைய மேசை முன்னால் உட்கார வேண்டும். வயது, தொந்தரவு, ஒத்துக்கொள்ளாத மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சீட்டில் எழுதுவார். டாக்டர் அந்தச் சீட்டை நம்பித்தான் மருந்து கொடுப்பார்.

அறுபதைத் தாண்டிய பிறகு, தலைக்கு மேல் மின்விசிறி இரைய, பக்கத்தில் குழந்தை அழ, பெரியம்மா பாதியைக் கேட்டு மீதியை ஊகித்துக்கொண்டிருந்தார். “சிஸ்டரோட காது லீவுல போயிருக்கு, நாளைக்கு வாங்க” என்று கம்பவுண்டர் கிண்டலடிப்பார். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துப் பெரியம்மாவும் சிரிப்பாராம்.

ஒரு காலை, தொண்டை வலியோடு வந்த பெண்ணிடம் பென்சிலின் முன்பு எடுத்ததுண்டா என்று கேட்டிருக்கிறார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பெண், “எடுத்தேன், ஒத்துக்கல” என்றிருக்கிறாள். பெரியம்மாவின் காதில் விழுந்தது ‘எடுத்தேன், ஒத்து’ வரைதான். தலையாட்டிவிட்டு ‘ஒத்துக்கொண்டது’ என்று எழுதினார். நம் பேச்சில் மறுப்பு வினையின் வாலில்தான் ஒட்டிக்கொண்டு வருகிறது. குரல் இறங்குவதும் அங்கேதான்.

டாக்டர் பென்சிலின் ஊசி போட்ட அரை மணி நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு முகம் வீங்கி மூச்சு திணறியது. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து பிழைத்துக்கொண்டாள். டாக்டர் திட்டவில்லை. மறுநாள் மேசையில் வேறொருவர் இருந்தார். டாக்டர் பெரியம்மாவைப் பின்னறையில் பழைய சீட்டுகளை அடுக்கச் சொல்லி, “வேலையப் பத்தி மாசக் கடைசியில பேசலாம் சிஸ்டர்” என்றார்.

அதற்குப் பிறகு பெரியம்மாவே தன்னைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அவர் ஹெட்போனில் வரும் சத்தத்தை விட்டுவிட்டு, வெளியே நின்ற என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். பரிசோதிப்பவர் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டார்.

“தடிச்ச சத்தம் கேக்குது. ச, த, க மாதிரி மெல்லிசா வர்றதெல்லாம் நழுவிடுது. அதனாலதான் பேசுறது கேக்கும், புரியாது” என்று பெரியம்மாவின் முகத்துக்கு நேராக நின்று நிதானமாகச் சொன்னார். “போனது திரும்பாதும்மா. மிஷின் வச்சா சமாளிக்கலாம். மெதுவா பழகணும், ரெண்டு மூணு மாசம் ஆகும்.”

மாதக் கடைசிக்குப் பத்தொன்பது நாள்தான் இருந்தது.

மிஷின் வாங்கினோம். முதலில் தினமும் இரண்டு மணி நேரம், அமைதியான இடத்தில் மாட்டினால் போதும் என்றார்கள். பெரியம்மா விடிந்ததிலிருந்து மாட்டிக்கொண்டார். பேப்பரைப் புரட்டினால் தகரத்தைக் கிழிப்பது போலிருக்கிறது என்று காதைப் பொத்துவார், ஆனால் கழற்ற மாட்டார். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி எதிரே உட்காரவைத்து என்னை ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்லி, கேட்டதைத் திருப்பிச் சொல்வார்.

“குடிச்சேன்.”

“குடிச்சேன்.”

“தூங்கல.”

“தூங்கு... தூங்கினேன்.”

பத்தாம் நாள் இருபதுக்குப் பதினான்கு சரி. மின்விசிறியைப் போட்டால் ஒன்பது.

“பதினாலு நல்ல மார்க்குதான் பெரியம்மா” என்றேன்.

“மீதி ஆறு பேரை என்ன பண்றது?”



மாதக் கடைசியில் வெள்ளைப் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டார்.  கிளினிக் படியேறுமுன் கைப்பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்து என் கையில் திணித்தார்.

“டாக்டர் மாஸ்க் போட்டுட்டுதான் பேசுவாரு. நீ பக்கத்துல உக்காந்து அவர் சொல்றதை அப்படியே எழுதிக் காட்டு. நான் அழுவேன்னு ஒரு வார்த்தையைக்கூட மாத்தி எழுதிடாத, கண்ணு.”